கரண்ட் வைத்து முடித்த பிறகு

சிம்மக்கல்லில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்



சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் போய்க் கல்பாலத்தைக் கடந்தால் கோரிப்பாளையம், பெரியாஸ்பத்திரி. தெற்கே இறங்கினால் பாலரெங்காபுரத்தில் அரசின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு. தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றுவட்டாரச் சனமெல்லாம் இந்த நோய்க்காக வந்து சேரும் ஊர் மதுரை. அறுவைச் சிகிச்சை, கீமோ, கரண்ட் வைப்பது எனப்படும் கதிர்வீச்சு என்று ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஓடிப்போகிறது. கடைசி நாள் கையில் ஒரு சீட்டு கிடைக்கும். எந்த ஊர் மருத்துவமனையானாலும் அதில் மாத்திரைப் பெயர் இருக்கும், அடுத்து வரவேண்டிய தேதி இருக்கும். மேலே தூக்க முடியாமல் போன கையை என்ன செய்வது, நாலு படி ஏறினால் வாங்கும் மூச்சை என்ன செய்வது என்பதற்குப் பெரும்பாலும் வாய்மொழியாக ஒரு வரிதான் வரும்: "நல்லா ரெஸ்ட் எடுங்க, வெயிட்டு எதையும் தூக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் சொந்தபந்தம் அந்த வரியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சொம்புத் தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்க விடாது. அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் நீண்ட ஓய்வு உடம்பை என்ன செய்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். நோய்நொடி இல்லாத பிள்ளைகள். முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடியும் என்ற அளவு, அவர்கள் எழுந்தபோது கால் பங்குக்கு மேல் சரிந்திருந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். ஐம்பது வயதில் அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த அளவு, இருபது வயதில் மூன்று வாரம் படுத்துக்கிடந்த பிறகு இருந்ததைவிடக் கீழே போகவில்லை. முப்பது ஆண்டு மூப்பு செய்யாத கெடுதலை மூன்று வாரப் படுக்கை செய்திருக்கிறது.

கட்டிளம் பையன்களுக்கே இந்தக் கதி. கீமோவோடு சேர்த்து ஸ்டீராய்டும் ஏற்றிக்கொண்ட ஐம்பத்தைந்து வயதுத் தாயாரின் தொடைத் தசை என்னவாகும்? ஸ்டீராய்டு முதலில் தின்பது இடுப்பையும் தொடையையும் ஒட்டிய பெரிய தசைகளைத்தான். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. குந்தி உட்காரும் கழிப்பறை ஒரு சோதனைக்கூடமாகிவிடும். நோய் திரும்பிவிட்டதோ என்று வீடே பயப்படும். பல நேரம் திரும்பி வந்தது நோயில்லை, போனது தசை.

இந்தக் கேள்வி எழுவதே ஒருவகையில் நல்ல காலத்தின் அடையாளம். 1954 ஜூன் 18 அன்று முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது அதில் பன்னிரண்டு படுக்கைகள். அடுத்த ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த வி. சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நோயாளி பிழைப்பாரா என்பது மட்டுமே கேள்வி. இன்று இந்தியாவில் ஆண்டுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவோர் ஏறத்தாழ 14 லட்சம் பேர் என்கிறது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டுக் கணிப்பு. அவர்களில் பிழைத்து, பத்து இருபது வருஷம் வாழப்போகிறவர்கள் ஏராளம். அந்த வருஷங்களை எந்தத் தோளோடு, எந்தக் காலோடு வாழ்வது என்பதை இனிமேலும் தள்ளிப்போட முடியாது.

முதலில் அசதி. சிகிச்சை முடிந்தவர்களில் பெரும்பாலோர் சொல்லும் முறையீடு இதுதான். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. அசதிக்கு ஓய்வுதானே மருந்து என்று தோன்றும். 2017இல் கேரன் மஸ்டியன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 113 ஆய்வுகளை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். அசதியைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் மாத்திரைகளைவிட நன்றாக வேலை செய்தன. ஆக, ஓய்வெடுக்க ஓய்வெடுக்க அசதி கூடும் ஒரு சுழல் இருக்கிறது. அதை உடைக்க வேண்டிய இடம் கால்.

அடுத்தது கை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'வெயிட்டு தூக்காதே' என்ற பேச்சு பிறந்ததே இங்கேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை நிபுணர், மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தோடு அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளையும் மொத்தமாக எடுத்துவிடும் முறையைப் புகழ்பெறச் செய்தார். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய முறைதான். ஆனால் நெறிக்கட்டிகள் போன பக்கத்தில் நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கியது. கதிர்வீச்சும் சேர்ந்தால் இன்னும் அதிகம். சிலருக்குக் கை யானைக்கால்போல ஆனது. ஹால்ஸ்டெட்டே 1921இல் இதைப்பற்றி எழுதினார். வீங்கிய கையைப் பார்த்துப் பயந்த மருத்துவ உலகம், அந்தக் கையைச் சும்மா வைத்திருப்பதே பத்திரம் என்று முடிவு கட்டியது. சோதித்துப் பார்த்து எடுத்த முடிவில்லை அது. நியாயமாகத் தோன்றியதால் எடுத்த முடிவு. பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டாம், பிறகு ஐந்து வேண்டாம், பிறகு கைக்குழந்தையே வேண்டாம் என்று தடை மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

இதை எதிர்த்துக் கேட்ட முன்னோடிகளில் ஒருவர் மருத்துவரில்லை, ஒரு நோயாளி. 1952இல் மார்பகத்தை இழந்த டெரிஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண், கையைப் பழையபடி எப்படிக் கொண்டுவருவது என்று சொல்ல ஆளில்லாமல் தவித்து, தானே பயிற்சி செய்து தேறினார். பிறகு மருத்துவமனைகளுக்குப் போய், அறுவை முடிந்து கிடக்கும் பெண்களிடம் ஒரு ரப்பர் பந்தையும் ஒரு கயிற்றையும் கொடுத்துக் கையை அசைக்கக் கற்றுக்கொடுத்தார். பல மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவருடைய அமைப்பைத் தனதாக்கிக்கொண்டது.

பிறகு 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகில் ஏற்றினார். இருபது பேர் துடுப்புப் போடும் நீளப் படகு அது. தோளுக்கும் கைக்கும் முரட்டு வேலை. அன்றைய பாடப்புத்தகப்படி அத்தனை கையும் வீங்கியிருக்க வேண்டும். ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. 1998இல் கனடிய மருத்துவ இதழில் இதை அவர் எழுதினார். இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட பெண்களின் படகுக் குழுக்கள் இருக்கின்றன.

இருபத்து நான்கு பேர் படகு விட்டது ஒரு நல்ல கதை. மருத்துவர்களின் மனம் மாற அது போதாது. அவர்களை அசைத்தது கேத்ரின் ஷ்மிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களைப் பிரித்து, ஒரு பாதியினரை வாரம் இரண்டு நாள் எடை தூக்கவைத்தார். மிகக் குறைவாகத் தொடங்கி, வாரவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மேல்வரம்பே வைக்காமல், ஒரு வருஷம். கைக்கு அழுத்த உறை மாட்டிக்கொண்டுதான் தூக்கினார்கள். வருஷக் கடைசியில் வீக்கம் கூடியவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வீக்கம் திடீரென்று மோசமாகிச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள், எடை தூக்காத பக்கத்தில் நூற்றுக்கு 29 பேர். தூக்கிய பக்கத்தில் 14 பேர். மறு ஆண்டில் வெளியான, இன்னும் வீக்கம் வராத 154 பெண்களிடம் நடத்திய சோதனையிலும் எடை தூக்கியவர்களுக்குக் கெடுதல் நேரவில்லை.

காரணம் விளங்காததில்லை. நிணநீருக்கு இதயம்போல ஒரு தனி விசை கிடையாது. சுற்றியுள்ள தசை சுருங்கி விரிவது அது மேலேற உதவுகிறது. சும்மா தொங்கும் கையில் அது தேங்கும். அதோடு, பழக்கமில்லாத கைக்கு ஒரு நாள் அவசரத்தில் தூக்கும் பையே பெரிய அடி. பழகிய கைக்கு அதே பை ஒன்றுமில்லை. அதற்காக நாளைக் காலையே போய்க் குடத்தைத் தூக்கலாம் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டாம். புதிதாக வந்த ஆள் தோளில் முதல் நாளே நூறு கிலோ மூட்டையை ஏற்றும் மேஸ்திரி மதுரைச் சந்தை எதிலும் இல்லை. ஷ்மிட்ஸ் செய்ததும் அந்த மேஸ்திரி செய்வதைத்தான்.

இந்த இடத்தில் தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "வீட்டு வேலையெல்லாம் பாக்குறோமே, அது பத்தாதா?" நியாயமான கேள்வி. பதில் என்னவோ, பத்தாது என்பதுதான். பூ கட்டும் அம்மாவை எடுத்துக்கொள்வோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை விரல்கள் ஓயாது. ஆனால் முழங்கை இடுப்போடு ஒட்டியே இருக்கும், கழுத்து குனிந்தே இருக்கும், தோள் ஒரு தடவைகூடக் காதுக்கு மேலே போகாது. பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது, சுங்குடிக்கு முடிச்சுப் போடுவது எல்லாம் அப்படியே. அறுவைக்குப் பிறகு சுருங்கும் தசையும் தழும்பும் மார்பின் முன்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை இழுத்துத் திறக்கும் அசைவு இந்த வேலைகளில் இல்லை. இன்னொன்று, வீட்டு வேலையின் சுமை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நேற்றும் அதே குடம், நாளையும் அதே குடம். தசை வளர வேண்டுமானால் சுமை படிப்படியாக ஏற வேண்டும். வேலை செய்து களைத்துப்போவதும் பயிற்சியால் பலப்படுவதும் வேறுவேறு. முன்னதை மட்டும் செய்துகொண்டு "தெனம் ஒழைக்கிறேன், ஆனாலும் வலி போகல" என்று நொந்துகொள்ளும் பெண்கள் மதுரையில் தெருவுக்கு ஒருவர் உண்டு.

தோளுக்கு என்ன செய்யலாம்? சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அடுத்த வாரம் அதற்கு மேல் ஒரு கோடு. கம்பு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நல்ல கை நோஞ்சான் கையைத் தலைக்கு மேலே கூட்டிப்போவது. பிரிட்டனில் 392 பெண்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வொன்றில், அறுவைக்கு ஏழு முதல் பத்து நாளிலேயே ஒரு பிரிவினர் பிசியோதெரபிஸ்ட் உதவியோடு இத்தகைய பயிற்சி தொடங்கினார்கள். ஒரு வருஷம் கழித்து மற்றவர்களைவிட அவர்களுடைய கை நன்றாக இயங்கியது, வலியும் குறைவு. தையல் சிக்கல் கூடவும் இல்லை. சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு இழுத்துக் கட்டியதுபோல ஒன்று தட்டுப்படும். பார்த்ததும் உயிரே போய்விடும். அது நோயில்லை, அடைபட்ட நிணநீர்க் குழாய்கள் இறுகியது. நீட்டி நீட்டிப் பழக்கினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும்.

மார்பகத்தைப்பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் தென் மாவட்டங்களுக்கு நியாயம் செய்ததாகாது. புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் வாயில் அடக்கும் ஊர்கள் இவை. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,43,000 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வருகிறது, பெரும்பாலும் ஆண்களுக்கு, அதிலும் கூலி வேலை செய்பவர்களுக்கு. வாயில் கட்டியை எடுக்கும்போது கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுக்கிறார்கள். அந்த வழியில்தான் தோள்பட்டையைத் தூக்கிப் பிடிக்கும் தசைக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. நரம்பை வெட்டாமல் காப்பாற்றினாலும், கையாண்டதிலேயே அது பல மாதம் செயலற்றுக் கிடக்கலாம். தோள் இறங்கிப்போகும். கை பக்கவாட்டில் எழும்பாது. சட்டை மாட்டுவதற்கே வலி. மாட்டுத்தாவணியில் பழக்கூடை இறக்கும் ஆளுக்கு இது பிழைப்பே போனதற்குச் சமம். ஆனாலும் மருத்துவரிடம் அவர் தோளைப்பற்றிப் பேசமாட்டார். வாயில்தானே நோய், தோளைப்பற்றி என்ன கேட்பது என்று இருந்துவிடுவார்.

கனடாவில் மார்கரெட் மெக்நீலி இப்படிப்பட்ட 52 பேரை எடுத்துக்கொண்டார். ஒரு பாதியினருக்கு வழக்கமான பிசியோதெரபி. மறுபாதியினருக்குப் படிப்படியாக எடை ஏற்றும் தோள் பயிற்சி, பன்னிரண்டு வாரம். எடை தூக்கியவர்களுக்குத் தோள் வலியும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்தன. நரம்பு முழுசாகத் தேறாதவர்களுக்கும் பக்கத்துத் தசைகள் பொறுப்பை வாங்கிக்கொள்ளும். 2008இல் வந்த ஆய்வு. வருஷங்கள் பல ஓடிவிட்டன, கழுத்து அறுவை முடிந்து பேருந்து ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லி அனுப்புகிறார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

வாய் திறப்பதும் அதே கதை. கரண்ட் வைத்த தாடைத் தசை மெல்ல நார்போல இறுகும். முடிந்து பல மாதம் கழித்தும் இறுகிக்கொண்டே போகும். முன்பற்களுக்கு இடையே 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய் பூட்டிக்கொண்டது என்று கணக்கு. வீட்டில் பார்க்க எளிய வழி: தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா என்று பார்ப்பது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைத் திறக்கப் பழக்கும் முறையைப் பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தருகிறார்கள். செலவு ஒன்றுமில்லை. கரண்ட் நடக்கும்போதே தொடங்க வேண்டும் என்பதுதான் சங்கதி. இட்லியைக்கூடக் கரைத்துக் குடிக்கும் நிலை வந்த பிறகு குச்சி நுழையாது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இடுப்பு எலும்பு பலவீனப்படலாம், கால் வீங்கலாம், சிறுநீர் அடக்க முடியாமல் போகலாம். அடி இடுப்புத் தசையைச் சுருக்கி விரிக்கும் பயிற்சி கடைசிச் சங்கடத்துக்கு உதவும். கூச்சம் காரணமாக இதைக் கேட்காமலே எத்தனையோ பேர் துணி மாற்றிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். பெண் பிசியோதெரபிஸ்டிடம் தனியே கேட்கலாம்.

பாதத்துக்கு வருவோம். சில கீமோ மருந்துகள் விரல் நுனி நரம்புகளைக் கெடுக்கும். மதமதப்பு, எரிச்சல், பஞ்சில் நடப்பதுபோல ஒரு பொய்யுணர்வு. இதற்குச் சரியான மாத்திரை இன்னும் வந்தபாடில்லை. ஜெர்மனியில் ஃபியோனா ஸ்ட்ரெக்மன் தலைமையில் 158 நோயாளிகளிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், கீமோ ஓடும்போதே ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு முறை சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒற்றைக் காலில் நிற்பது, தள்ளாடும் பரப்பில் நிற்பது, அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. பயிற்சி செய்தவர்களில் 30 பேருக்கு. சுவரோரம் நின்று, விழுந்தால் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இதைப் பழகலாம்.

கூடவே ஓர் எச்சரிக்கை. நேர்த்திக்கடன் என்று கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவது மதுரைக்காரர் வழக்கம். மரத்த பாதத்துக்குச் சித்திரை வெயிலில் காய்ந்த கல் சுடுவது தெரியாது. கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். விடியற்காலையில் சுற்றலாம், மீனாட்சி ஒன்றும் சொல்லமாட்டாள்.

மார்பகக் கட்டி திரும்பாமலிருக்க ஐந்து வருஷம் ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கை கால் மூட்டெல்லாம் குடைச்சல் எடுக்கும். அது பொறுக்காமல் உயிர்காக்கும் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மெலிண்டா இர்வின் இத்தகைய 121 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2015இல் வந்தது. வாரம் 150 நிமிடம் நடை, இரண்டு நாள் எடைப் பயிற்சி, ஒரு வருஷம். வலியின் கடுமை 29 சதவீதம் குறைந்தது. பயிற்சி செய்யாதவர்களுக்கு 3 சதவீதம் கூடியது. மூட்டு வலிக்கு நடக்கச் சொல்வது வம்புக்குச் சொல்வதுபோலத் தெரியும், முதல் சில வாரம் வம்பாகத்தான் இருக்கும்.

யோகா போதாதா என்றால், பெங்களூரு விவேகானந்த யோகா பல்கலைக்கழகத்தார் சிகிச்சையில் இருந்த மார்பகப் புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வுகளில் பதற்றம் குறைந்தது தெரிந்திருக்கிறது. மனசுக்கும் நீட்சிக்கும் நல்லது. தசையை வளர்க்க எடையும், மூச்சை வளர்க்க நடையும் தனியே வேண்டும்.

இவ்வளவு நாள் இந்தப் பேச்செல்லாம் வலி, அசதி, வீக்கம் என்ற அளவில் நின்றது. 2025 ஜூனில் அது தாண்டிப் போனது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் 55 மையங்களில், 2009இலிருந்து பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு வந்தது. உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் எட்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 90, மற்றவர்களில் 83. ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 80, மற்றதில் 74. ஒரு புதிய மருந்து இப்படி ஒரு வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் அதன் விலை லட்சங்களில் இருக்கும். தசைப்பிடிப்பு, மூட்டு நோவு போன்ற உபாதைகள் பயிற்சிக்காரர்களிடம் கொஞ்சம் கூடுதல். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த ஆய்வில் எல்லாரும் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. மற்ற பிரிவினரைச் சும்மா விடவில்லை. உடற்பயிற்சி செய்வது நல்லது என்று விளக்கும் புத்தகம் அவர்களுக்கும் கொடுத்தார்கள். பயிற்சிப் பிரிவினருக்குக் கிடைத்தது புத்தகத்தோடு ஓர் ஆள். மூன்று வருஷம் அந்த ஆள் கூடவே வந்தார். முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கொரு முறை சந்தித்து, எவ்வளவு நடந்தீர்கள், ஏன் நடக்கவில்லை, முட்டி வலித்தால் சைக்கிள் மிதிக்கலாமா என்று கேட்டார். நூற்றுக்கு ஏழு உயிர் வித்தியாசம் புத்தகத்துக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்த ஆள் கிடைப்பாரா? பாதி வழி வந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு பிசியோதெரபியும் வலிதணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கவாதம் வந்தவர்கள், படுத்த படுக்கையானவர்கள் இந்தச் சேவையைக் கேட்டு வாங்குகிறார்கள். சிகிச்சை முடிந்து நடமாடும் புற்றுநோயாளிகளுக்கு இது தங்களுக்கும் உண்டு என்றே தோன்றுவதில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேட்கலாம். "எம்மா, போன தடவைக்கு இப்ப கை எம்புட்டு மேல போகுது?" என்று மாதம் ஒரு முறை வந்து கேட்க ஒருவர் இருந்தாலே சுவரில் பென்சில் கோடு தானாக ஏறும்.

யாருக்கு உடனே வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் இருக்கும் நாளில் வேண்டாம். ரத்தத் தட்டணுக்களும் ஹீமோகுளோபினும் மிகவும் இறங்கியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். எலும்புக்கு நோய் பரவியவர்கள் குனிந்து முறுக்கும் ஆசனங்களையும் கனத்த எடையையும் தவிர்த்து, எந்த எலும்பு என்று தெரிந்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும். இதயத்தைப் பாதிக்கும் கீமோ எடுத்தவர்கள் எக்கோ பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. வயிற்றில் மலப்பை வைத்திருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கக் கூடாது. ராத்திரியில் எழுப்பும் புதிய முதுகுவலி வந்தாலோ, கால் திடீரென்று துவண்டாலோ அது பயிற்சி வலி என்று இருந்துவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு அளவு தெளிவாகவே இருக்கிறது. 2019இல் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்துக் கொடுத்தபடி, வாரம் மூன்று நாள் முப்பது நிமிடம் வேகநடை. இரண்டு நாள் எடைப் பயிற்சி, ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பதினைந்து தடவை, இரண்டு சுற்று. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ. அது பதினைந்து தடவையும் இலேசாக வந்தால் ஒரு லிட்டர். தொடைக்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. முடியாவிட்டால் அடியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

நடைக்கு மதுரையில் திருமலை நாயக்கர் காலத்திலேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. 1645இல் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 305 மீட்டர் நீளம், 290 மீட்டர் அகலம். ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். வேகநடையில் கால் மணி நேரம். இரண்டு சுற்று வந்தால் அந்த முப்பது நிமிடம் முடிந்தது. சிகிச்சை முடிந்து இப்போதுதான் வெளியே வருகிறவர் முதல் வாரம் ஒரு கரை நடந்துவிட்டு உட்காரலாம். இரண்டாம் வாரம் இரண்டு கரை. ஒரு மாதத்தில் ஒரு சுற்று, இரண்டு மாதத்தில் இரண்டு. பங்குனி சித்திரையில் காலை ஆறரை மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலாலோ ஸ்கேன் பார்க்கப் போனதாலோ ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் ஒரு கரை குறைத்துத் தொடங்குவது நல்லது.